காகக் கூடுகளைப் பற்றி நாம் எழுதியது

இன்று காலை என் பல்கனிக் கொடியில் தொங்கிய கம்பி ஹேங்கரை ஒரு காகம் அலகால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அம்மா உள்ளேயிருந்து கையைத் தட்டினார். "விடுங்கோ அம்மா" என்றேன். ஹேங்கர் கழன்றதும் காகம் அதைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதைப் பக்கமாகத் தாழப் பறந்தது. நீ இருந்திருந்தால், "எங்க கொண்டு போகுதெண்டு பாப்பம், வாடி" என்று என்னையும் இழுத்துக்கொண்டு படியிறங்கியிருப்பாய். நான் கதவடியிலேயே நின்றேன்.

கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டு மேல்மாடியில்தான் எல்லாம் தொடங்கியது. ஹேங்கர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக, உன் அம்மா பக்கத்து வீட்டாரைச் சந்தேகித்து, அவர்களோடு கதைப்பதையே நிறுத்தியிருந்தார். நீதான் பின்வளவு மாமரத்தின் உச்சியில் அவற்றைக் கண்டாய். கூடு முழுக்கக் கம்பி, நடுவில் மட்டும் தென்னந்தும்பு. அன்ரி, உன் அம்மாதான், வெட்கத்தோடு ஒரு தட்டு கேக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துச் சமாதானமானார். நீயோ அடுத்த நாளே, நம் இறுதி வருட ஆய்வுக்கு இதுதான் தலைப்பு என்று பல்கலைக்கழகத்தில் மேடத்திடம் போய் நின்றாய்.

காகம் கம்பியால் கூடு கட்டுவது கம்பி எளிதாகக் கிடைப்பதாலா, சுள்ளி எடுக்க மரமே இல்லாததாலா? அதுதான் உன் கேள்வி. வெள்ளவத்தையில் கட்டடம் எழும்பும் ஒழுங்கைகளிலும் ஹெவ்லொக் டவுனின் நிழல் மரங்களுக்குக் கீழும் கழுத்து வலிக்க அண்ணாந்துகொண்டு திரிந்தோம். ஒருநாள் ஒரு ஃப்ளாட்டின் காவலாளி நம்மைத் திருடிகள் என்று நினைத்துத் தடுத்துவிட்டார். நீ உடைந்த சிங்களத்தில் காகத்தின் குடும்ப வாழ்க்கையை அவருக்கு விளக்கினாய். கடைசியில் அவரே மொட்டைமாடிக் கதவைத் திறந்துவிட்டு, நம்மோடு நின்று பார்த்தார்.

ஆய்வு முடிந்து புள்ளியும் வந்தபின் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். நீ மறக்கவில்லை. "நாங்கள் கண்டதை வேற ஒருத்தரும் எழுதேல்லையடி. பிறகேன் அது அலுமாரிக்குள்ள கிடக்கோணும்?" என்றாய். பட்டம்கூட வாங்காத பிள்ளைகளின் கட்டுரையை யார் போடுவார்கள் என்று நான் பயந்தேன். முதலில் அனுப்பிய ஆய்வுச் சஞ்சிகை உடனேயே திருப்பி அனுப்பியது. இரண்டாவது மறுக்கவில்லை. ஆனால் இன்னுமொரு கூடுகட்டும் பருவத்தையும் பார்த்து எழுதச் சொன்னது. நீ துள்ளினாய். "வேண்டாமெண்டு சொல்லேல்லத்தானே!"

அந்தப் பருவம் தொடங்கும்போது உனக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. கைகளில் காரணமில்லாமல் நீலமாய்க் கன்றிய தடங்கள். இரத்தப் புற்றுநோய் என்று உன் அப்பா தொலைபேசியில் சொன்னபோது, "ஓம் அங்கிள், ஓம் அங்கிள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மரங்களுக்குக் கீழே நான் தனியாகப் போனேன். படங்களை உனக்கு அனுப்பினேன். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, "இது கேபிள், கம்பி இல்லை. கிட்டப் போய்ப் பார்" என்று திருத்தினாய். உன் குரல் மெலிந்துகொண்டே போனது. திருத்தங்கள் மட்டும் குறையவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து எழுதி அனுப்பினோம். அதன்பின் சஞ்சிகையின் இணையப் பக்கத்தில் ஒரே வரிதான்: பரிசீலனையில் உள்ளது.

"அந்தப் புத்தகம் எப்ப பிள்ளை வரும்?" என்று அன்ரி ஒவ்வொரு முறையும் கேட்டார். நான் சஞ்சிகை ஆசிரியருக்கு உன் நிலையைச் சொல்லி, கொஞ்சம் விரைவுபடுத்தக் கேட்டு எழுதப்போவதாகச் சொன்னேன். முகக்கவசத்துக்கு மேலே உன் கண்கள் மாறின.

"எழுதாத."

"ஒரு வரிதானே..."

"இரக்கப்பட்டுப் போட்டாங்களெண்டா அது என்ர பேப்பர் இல்லை. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். மருந்தும் என் கையில் இல்லை, சஞ்சிகையும் என் கையில் இல்லை. கையில் இருந்த அந்த ஒரு வரியையும் நீ வாங்கிக்கொண்டாய். ஒவ்வொரு நாளும் பக்கத்தைத் திறப்பேன், அதே வரி இருக்கும், மூடுவேன்.

உன்னைக் கனத்தை மயானத்தில் விட்டுவிட்டு வந்து ஒரு மாதம் ஆவதற்குள் கட்டுரை ஏற்கப்பட்டது. என்னால் அழக்கூட முடியவில்லை. அதற்குள் சஞ்சிகையிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர்கள் இருவரும் தத்தம் மின்னஞ்சலில் சம்மதம் தெரிவிக்க வேண்டுமாம். உன் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. உனக்கு நினைவூட்டல் அனுப்பியிருப்பதாக எனக்கு மறுபடி மறுபடி அறிவிப்பு வந்தது. விஷயத்தை எழுதினேன். ஆழ்ந்த அனுதாபங்களோடு, மரணச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேட்டார்கள்.

சிங்களத்தில் இருந்த அந்தத் தாளோடு அங்கிளும் நானும் நீதிமன்றங்கள் இருக்கும் அளுத்கடைக்குப் போனோம். மொழிபெயர்ப்பாளர் உன் பெயரின் எழுத்துக்களைச் சரியா என்று கேட்டார். அங்கிள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். வெளியே வந்ததும், "என்ர பிள்ளை செத்ததை அவங்களுக்கு ஏனம்மா காட்டோணும்? அவ எழுதினதுதானே அவங்களுக்கு வேணும்?" என்றார்.

கட்டுரை வெளிவந்தது. முதலில் உன் பெயர், அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவைக் குறி. அச்செடுத்துக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன். அன்ரி அந்தக் குறியை விரலால் தொட்டார். "நாங்கள் கிறிஸ்தவரெண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். இறந்துபோனவர்கள் எல்லாருக்கும் அதைத்தான் போடுவார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு ஒவ்வொரு பந்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

"கடைசியா அவ என்னத்தைக் கண்டுபிடிச்சா?"

"மரம் நிறைய இருக்கிற இடத்திலயும் காகம் கம்பியைத்தான் தேடிப் போகுது, அன்ரி."

"ஏனாம்?"

"அது தெரியாது. அதைத்தான் அடுத்ததாப் பாக்க இருந்தனாங்கள்."

அன்ரி தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் வேலை. காகங்களோடு சம்பந்தமில்லாத வேலை. அன்று நாம் தூக்கித் திரிந்த தொலைநோக்கி மட்டும் பையில் கிடக்கிறது. பருவம் வரும்போது மதிய இடைவேளையில் வெளியே போய் அண்ணாந்து பார்க்கிறேன். எதைக் குறித்துக்கொள்ள வேண்டும், எதை விட வேண்டும் என்று எனக்குத் தெரிவதில்லை. அது உனக்குத்தான் தெரியும்.

நம் கட்டுரையின் முடிவு வரி நீ எழுதியது. "எல்லாரும் இப்பிடித்தானே முடிக்கிறவை" என்று சிரித்துக்கொண்டே எழுதினாய்: இதற்கான காரணம் மேலும் ஆராயப்பட வேண்டும்.

யார் ஆராய்வது என்று நீ எழுதவில்லை. அந்த வரி என்னிடம்தான் இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.