குச்சி எட்டிப் பார்த்தால்தான் அடி

ஹுப்பள்ளி,
ஞாயிறு மத்தியானம்.

என் கண்ணு நீலவ்வாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன்னைப் பெற்ற அவ்வா, நம் சண்டைக்கார எருமை மூவரும் சௌக்கியம். வடோதராவில் நீயும் உன் அறைத் தோழிகளும் அப்படியே இருக்கவேண்டும் என்று காலையில்தான் சித்தாரூட சுவாமி மடத்தில் கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்த ஊரில் பருப்பில்கூடச் சர்க்கரை போடுகிறார்கள் என்று அழுதாயாமே, உன் அவ்வாவுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. வேர்க்கடலைச் சட்னிப்பொடியும் மொறுமொறு சோள ரொட்டியும் கட்டி வைத்திருக்கிறாள், இந்தக் கடிதத்தோடு வரும். பொடியைத் தோழிகளுக்குக் கொடுக்கும்போது பக்கத்தில் தண்ணீர் வைத்துக் கொடு, பாவம் அந்தப் பிள்ளைகள்.

போன் இருக்கும்போது அப்பாவுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் நீ பேசுவது எனக்குக் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கிறது. உன் அவ்வா பேசி முடித்து எனக்குக் கத்திச் சொல்கிறாள், அதற்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடுகிறது. போன வாரம் அவள் கத்தியதில் பாதி தேன், பாதி விஷம். விமானத் தொழிற்சாலையில் உன் கையில் ரிவெட் ஆணி அடிக்கிற காற்றுத் துப்பாக்கியை, அதுதான் அந்தக் கன்னை, கொடுத்துவிட்டார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் நம் பஸ் கட்டும் பட்டறையில் அத்தனை பேருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். ஆனால் காதுக் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு அடிக்கிறாயாம். மாட்டினால், தகட்டுக்கு அந்தப் பக்கம் ஆணி முனை நசுங்க இரும்புக்கட்டை பிடிக்கிற பெண் தட்டுவது கேட்கமாட்டேன் என்கிறதாம். அடியே, இதே சாக்கைத்தானே உன் அப்பனும் ஆயுசு முழுக்கச் சொன்னான்! ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு என்றால் இன்னும் கொஞ்சம் அடி, மூன்று என்றால் நிறுத்து. பஸ்ஸுக்கு உள்ளே என் ஜோடி மக்தும் சாப் கட்டையால் தட்டுவான், வெளியே நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். அப்படித் தீட்டியதில் இடது காது போயே போச்சு. வலதிலும் பாதிதான் மிச்சம், அதையாவது காப்பாற்றிக்கொள் என்று டாக்டர் எழுதிக் காட்டினார்.

நான் மாட்டாமல் உன்னை மாட்டு என்றால் நீ கேட்கிற ஆளா? என் வாயையே எனக்குத் திருப்பிக் கொடுப்பாய். முதல் சம்பளத்தில் நீ வாங்கி அனுப்பிய காதுக் கவசம் உன் அவ்வாவின் இளகல் ஊர்ப் புடவைக்கு நடுவே பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை அதை எடுத்து மாட்டிக்கொண்டு போனேன். அப்பாடா, என்ன அமைதி! அந்தச் சுகத்தில் மக்தும் மூன்று தட்டு தட்டியது காதிலேயே விழவில்லை. அவன் கட்டையை எடுத்துவிட்டான், நான் அடித்துவிட்டேன். ரிவெட் பிய்த்துக்கொண்டு போய் அவன் கட்டைவிரலில் பட்டது. இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தால் கண். கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு ஓடிவந்து என் கவசத்தைப் பிடுங்கி, "அடப்பாவி, காதுல ரெண்டு பேடாவ அப்பிக்கிட்டு என்னைச் சாவடிக்கவா வந்தே?" என்று கத்தினான். நகம் கறுத்துப் போச்சு, வேறொன்றும் இல்லை, பயப்படாதே. ஆனால் அன்று அதற்குமேல் நான் கன்னைத் தொடவில்லை. கவசத்தை மூலையில் எறிந்துவிட்டேன். நீலவ்வாவுக்கு என்ன எழுதுவது என்றே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மக்துமே கவசத்தைத் துடைத்து என் தலையில் மாட்டிவிட்டான். அவன் காதிலும் பஞ்சு. கையில் ஒரு துடைப்பக் குச்சி. "இனிமே தட்டுறது கிட்டுறது கிடையாது. கட்டைய வச்சதும் பக்கத்து ஓட்டை வழியா இதை நீட்டுவேன். குச்சி தெரிஞ்சா அடி, மறைஞ்சா கையை எடு. தெரியாமலே அடிச்சே, மவனே, பஸ்ஸோட சேர்த்து உன்னை அடிச்சுருவேன்" என்றான். சொன்னால் நம்பமாட்டாய், ஒரு பக்கம் முழுக்க அடித்தோம், ஒரு ரிவெட்கூடக் கோணவில்லை. எலி வால் மாதிரி குச்சி வருவதும் போவதுமாக இருந்ததில் பட்டறையே கூடி நின்று சிரித்தது. இப்போது எல்லா ஜோடிகளுக்கும் குச்சிதான். மக்துமின் பெண்டாட்டி ஹசீனா மட்டும் உன் அவ்வாவிடம் வந்து, "வீட்டுத் துடைப்பம் வழுக்கையாகுது அக்கா, இந்த ரெண்டு கிழங்களும் பஸ் கட்டுதா, குருவிக்கூடு கட்டுதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒரு புதுத் துடைப்பம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் பளபளப்பான தொழிற்சாலையில் துடைப்பத்தை உள்ளே விடுவார்களோ என்னவோ. விளக்கோ குச்சியோ, மேலதிகாரியிடம் கேட்டு, அந்தப் பக்கத்துப் பெண்ணோடு பேசிக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு வழி பண்ணு. வழி பிறக்கிறவரை கன்னைத் தொடாதே, வேலை போனாலும் போகட்டும். கன்னின் முனையை மாற்றும்போது முதலில் காற்றை மூடிக் குழாயைக் கழற்று, அவசரக்குடுக்கை மாதிரி அப்படியே திருகாதே. முனை ரிவெட்டின் மேல் உட்காராமல் விசையை அமுக்காதே, விளையாட்டுக்குக்கூட யார் பக்கமும் நீட்டாதே. துணியில் ஒட்டிய தூசியைக் காற்றால் ஊதிக்கொள்ளும் கெட்ட பழக்கம் நம் பட்டறையில் உண்டு, நீ அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். கண்ணாடி போடு, ஜடையைச் சுருட்டிக் கட்டு. விரல் மரத்துப் போனால் உடனே சொல்லு, வீராப்பு வேண்டாம்.

நம் ஊர்க் காரமும் உன் வாய்க்கொழுப்பும் குறையாமல் நூறு வயசு நன்றாக இரு, என் தங்கமே. சட்னிப்பொடி டப்பாவைத் திருப்பி அனுப்ப மறக்காதே, அது உன் அவ்வாவின் சீர் டப்பா, தொலைத்தால் எனக்குத்தான் வசவு. இன்னொன்று. அடுத்த ஞாயிறு போனில் அவளோடு பேசி முடித்ததும் நான் வாங்கி வலது காதில் வைத்துக்கொள்வேன். நீ எதுவும் பேசவேண்டாம், பேசினால் எனக்குப் புரியாமல் அழுகை வந்துவிடுகிறது. கவசம் மாட்டித்தான் வேலை செய்கிறாய் என்றால் போனில் நகத்தால் ஒரு தட்டு தட்டு. அது எனக்குக் கேட்கும்.

உன் அப்பா,
பக்கீரப்பா