இடப்பக்கத்துத் தாளம்

ஒக்ரோபர் 7, செவ்வாய்

காலையில் மப்பு. மழை இல்லை. 10 மணிக்கு ரொறன்ரோவில் இருந்து மகள் வானதி அனுப்பிய பொதி வந்தது. உள்ளே: சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, சிவப்பும் வெள்ளையுமாக வயர், கம்பளிக் காலுறை இரண்டு சோடி (இந்த ஊரில் எதற்கு?), ஒரு துண்டுக் கடிதம். போனில் உள்ள பாட்டை இந்தப் பெட்டி காற்றிலே வாங்கி, என் கணவருடைய அம்பிளிபையருக்குக் கொடுக்குமாம்.

அம்பிளிபையரும் இரண்டு ஸ்பீக்கரும் அவர் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது வாங்கியவை. சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்த அன்று லாண்ட்மாஸ்ரர் உழவு மெஷினில் இருந்து அரிசி மூட்டையை இறக்கிவிட்டு இவற்றை ஏற்றினார். இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் காலமாகி நான்கு வருடம். இசைத்தட்டுப் போடும் மெஷின் அடுத்த வருடமே நின்றது. ஊசி எங்கும் கிடைக்கவில்லை.

கடிதத்தின் கடைசி வரி: "இதைப் பூட்டின கையோட காது டொக்டரிட்டயும் ஒருக்காப் போங்கோ அம்மா."

போனில் நான் எதற்கும் "என்ன, என்ன" என்கிறேனாம். லைன் சரியில்லை என்று எத்தனை தரம் சொல்வது? காது கேளாத மனுசியைத் தனி வீட்டில் விட முடியாது, கொழும்பில் மகனோடு போய் இருக்கட்டும் என்று பிள்ளைகள் இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். கன்னியர்மடத்தில் படித்தபோது, பாட்டுக்குழுவில் எவள் சுருதி விலகுகிறாள் என்று கண்டுபிடிக்க, சிஸ்ரர் சைவப்பிள்ளையான என்னைத்தான் வரிசைக்கு முன்னால் நிறுத்துவார். என் காதுக்கு ஒன்றுமில்லை.

ஒக்ரோபர் 8, புதன்

சுன்னாகத்தில் ரேடியோக் கடை வைத்திருக்கும் சிவநேசன் வந்து பெட்டியைப் பூட்டினார். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர். இப்போது தலை நரைத்துவிட்டது. ஸ்பீக்கர்களுக்கு நான் பின்னிப் போட்ட உறைகளைக் கண்டதும் சிரிப்பு.

"ரீச்சர், இதுகளுக்குச் சட்டை போட்டு மூடிவிட்டால் எப்பிடி வாய் திறந்து பாடும்?"

"தூசி, சிவநேசன். செம்மண் தூசி."

கழற்றினேன். தோய்த்து, கஞ்சி போட்டுக் காயவிட்டாயிற்று.

புளூடூத் என்ற வழியால் இணைத்தார். பாட்டு வந்தது. பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி சத்தம் கேட்டு வந்து கதிரையில் அமர்ந்தாள். பாட்டு நடுவில் சட்டென்று நின்றது. இரண்டு ஸ்பீக்கரிலும் வானதியின் குரல், கோயில் ஒலிபெருக்கி மாதிரி: "அம்மா, காது டொக்டரிட்டப் போனியளோ இல்லையோ? எத்தினை தரம் சொல்லுறது?" என் விரல் தவறி அவள் அனுப்பிய குரல் செய்தியில் பட்டிருக்கிறது.

பரமேஸ்: "அக்கா, நல்ல கிளியராய்த்தான் கேக்குது."

அவளுக்குத் தேநீர் கொடுத்தேன். சீனி குறைத்து.

ஒக்ரோபர் 9, வியாழன்

வெயில். அரைக்கக் கொடுத்த மிளகாய்த்தூள் வந்தது. நிறம் போதாது.

பாட்டு தகரப் பேணிக்குள் வாசித்த மாதிரி. சிவநேசனுக்குப் போன்.

"உது புளூடூத் ரீச்சர். பாட்டை நசுக்கி மடிச்சுத்தான் அனுப்பும். வைஃபையால விட்டால் முழுசாய் வரும். உங்கடை போன் செய்தியளும் குறுக்க வராது."

"அப்ப நேற்று ஏன் நசுக்கினதைத் தந்தனீர்?"

"கனபேருக்கு வித்தியாசம் தெரியாது ரீச்சர்."

"நான் கனபேர் இல்லை."

அவர் சொல்லச் சொல்ல ஏழு படிகளாக எழுதிக்கொண்டு நானே செய்தேன். தரம் என்ற இடத்தில் மூன்று தெரிவு: சாதாரணம், உயர்வு, இழப்பில்லாதது. கடைசியை அழுத்தினேன். மத்தியானம் சமைக்கவில்லை, பாணும் சம்பலும்.

முதல் பாட்டிலேயே தம்புராவின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக. எழுந்து நின்றுவிட்டேன். அவர் இருந்திருக்க வேண்டும்.

பிறகு நாதஸ்வரம். எங்களிடம் இசைத்தட்டாக இருந்த அதே கச்சேரி. நடுவில் நாதஸ்வரம், வலப்பக்கம் தவில், இடப்பக்கம் அந்தச் சின்ன வெண்கலத் தாளம். அவர் கதிரைக் கையில் விரலால் கூடவே தட்டுவார். தாளத்தைக் காணவில்லை. மூன்று தரம் போட்டேன். இல்லை. இடப்பக்கம் முழுவதுமே மந்தம்.

இழப்பில்லாதது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒக்ரோபர் 11, சனி

புரட்டாசிச் சனி. காலையில் கோயில், எள்ளெண்ணெய் விளக்கு. பி.ப. 3க்கு சிவநேசன். இடது ஸ்பீக்கர் பழுது என்று வரச் சொல்லியிருந்தேன். வயர்களின் நுனியில் என் கணவர் ஒட்டிய பிளாஸ்ரர் துண்டுகளில் அவருடைய கையெழுத்து: இ, வ. அதைக்கூட சிவநேசன் மாற்றிப் பூட்டியிருப்பாரோ என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஸ்பீக்கர் இரண்டையும் வயரோடு சேர்த்தே இடம் மாற்றி வைத்தார். இடது வலப்பக்கம், வலது இடப்பக்கம். தன் போனில் இருந்து ஏதோ ஒரு சினிமாப் பாட்டுப் போட்டார். நான் என் கதிரையில்.

"இப்ப எந்தப் பக்கம் ரீச்சர் மந்தம்?"

"இப்பவும் இடப்பக்கந்தான்."

"வடிவாய்க் கேட்டுச் சொல்லுங்கோ."

"வடிவாய்த்தான் கேக்கிறன். இடப்பக்கம்."

என்னைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த ஆணி கழற்றும் திருப்புளியைப் பார்த்தார். கீரிமலைப் பக்கம் இடி. பிளக்கைக் கழற்றினோம். ஸ்பீக்கர்களைப் பழைய இடத்தில் வைத்தார்.

"ஸ்பீக்கரில ஒண்டும் இல்லை ரீச்சர். பெட்டியிலயும் இல்லை."

"தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லும் சிவநேசன். யாழ்ப்பாணம் ரவுணில வேறை ஆள் பாக்கிறன்."

"ஓம் ரீச்சர்," என்றார். மழைக்குள் போனார். கடும் மழை. நில்லும் என்று நான் சொல்லவில்லை.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

மு.ப. 6.30, வானதி. வழக்கம்போல இடது கையில் போன், வலது கையில் பேனை. அவள் சொல்வதைக் குறித்துக்கொள்வது என் பழக்கம். நாலு வசனத்தில் மூன்று தரம் "என்ன" என்றேனாம், எண்ணியிருக்கிறாள். மகன் கொழும்பில் அறை ஒழுங்குபண்ணி விட்டானாம்.

"ஆரைக் கேட்டு ஒழுங்குபண்ணினவன்?"

"கத்தாதேங்கோ அம்மா."

நான் கத்தவில்லை.

பின்னேரம் பரமேஸ்: "நேற்று மழை விட்ட பிறகு உங்கடை கேற்றில நிண்டு அக்கா அக்கா எண்டு தொண்டை கிழியக் கூப்பிட்டன். கொண்டுவந்த முருங்கைக்காயைக் கேற்றுக் கம்பியில கொழுவிப்போட்டுப் போயிட்டன்."

பாட்டுப் போட்டிருந்தேன் என்றேன். போடவில்லை. பிளக் கழற்றியபடியே கிடந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஒக்ரோபர் 13, திங்கள்

வெயில். உறைகள் காய்ந்துவிட்டன. நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டு ஸ்பீக்கர்களைத் துடைத்தேன். இடது ஸ்பீக்கரின் பின்பக்கத்தைத் துடைக்கக் குனிந்தபோது வலது காது அதன் பக்கம் திரும்பியது.

தாளம்.

நிமிர்ந்தேன், இல்லை. குனிந்தேன், இருந்தது.

கதிரையை எதிர்ப்பக்கம் திருப்பி, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து இருந்தேன். வலது காதில் தாளம், ஒன்று தவறாமல். இப்போது தவில் மந்தம். கதிரையை மறுபடி திருப்பினேன். தவில் வந்தது, தாளம் போயிற்று. நான்கு தரம் செய்தேன். நான்கு தரமும் ஒரே விடை.

ஸ்பீக்கர் மாறினாலும் மந்தம் மாறவில்லை, மாறாமல் இருந்தது நான் மட்டும். சனிக்கிழமை அந்த மனிதர் என் முன்னாலேயே கணக்கைச் செய்து காட்டியிருக்கிறார். விடையை மட்டும் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

ஒக்ரோபர் 14, செவ்வாய்

கடை திறக்கும் நேரம் பார்த்து 9 மணிக்கு சிவநேசனுக்குப் போன்.

"சிவநேசன், பிழை என்ரை இடது காதில. சனிக்கிழமை நான் கதைச்சது சரியில்லை. மன்னிக்க வேணும்."



"எனக்கு அண்டைக்கே தெரியும் ரீச்சர்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"உங்களிட்டை எப்பிடிச் சொல்லுறது? கணக்குப் பிழைச்சால் என்ரை காதைத் திருகினனீங்கள்."

"எந்தக் காது?"

"இடது."

இருவரும் சிரித்தோம். நான் முதலில் நிறுத்தினேன். அவருடைய மனைவியின் தாய்க்கும் இப்படித்தானாம், காதுக்குள் வைக்கும் மெஷினோடு இப்போது சீரியல் பார்க்கிறாராம். நான் சீரியல் பார்ப்பதில்லை என்றேன். காது மூக்குத் தொண்டை கிளினிக் வெள்ளிக்கிழமைகளில். தானே ஓட்டோ பிடித்து வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். பிறகு ஓம் என்றேன்.

ஒக்ரோபர் 15, புதன்

விடியத் தூறல். மு.ப. 6.30, வானதி. போனை வலது காதில் வைத்தேன். அதனால் பேனை பிடிக்க முடியவில்லை. நினைவில் இருந்து எழுதுகிறேன்.

"அம்மா" என்ற ஒரு சொல்லிலேயே மூக்கடைப்புத் தெரிந்தது.

"தடிமனோ பிள்ளை?"

"ஓமம்மா, ஒரு கிழமையாய். எப்பிடித் தெரியும்?"

ஒரு கிழமை. அதற்குள் மூன்று தரம் கதைத்திருக்கிறோம்.

"இடது காதில குறை இருக்கு. வெள்ளிக்கிழமை கிளினிக். வலது காது நல்லாய் இருக்கு. கொழும்புக் கதையை அதுவரைக்கும் எடுக்கக்கூடாது. தம்பியிட்டையும் சொல்லு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். அது தடிமன் இல்லை. அந்த வித்தியாசமும் கேட்டது.

"மல்லித் தண்ணி அவிச்சுக் குடி. இஞ்சி போட்டு."

"சரி அம்மா."

"என்ன" என்று இன்று ஒரு தரமும் நான் கேட்கவில்லை. அவளும் எண்ணியிருப்பாள்.

வெள்ளிக்கு: தேசிய அடையாள அட்டை, பழைய மருந்துத் துண்டு, குடை. கதிரை சுவரைப் பார்த்தபடியே கிடக்கிறது. பரமேஸ் கேட்டால், தாளம் அங்கேதான் நன்றாகக் கேட்கிறது என்று சொல்வேன்.