மரத்தை வெளியே போடும் நாள்

டிசம்பர் 28

இரவு முழுக்கப் பனி. காலையில் வாசல் கதவு திறக்கவில்லை. தோளைக் கொடுத்து முட்டினேன். "நீ தள்ளாத, போர்யே வருவான்" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்தே. நான் முட்டுவது அவளுக்கு எப்படித் தெரிந்தது? சத்தம் வராமல்தான் முட்டினேன்.

நவம்பரில் படியில் ஒரு முறை வழுக்கினேன். அன்றிலிருந்து பனி அள்ளும் மண்வெட்டியும் என்னுடைய ஆணி வைத்த பூட்ஸும் அவள் அறைக்குள் போய்விட்டன. எனக்கு எழுபத்தொன்பது வயது; அவளுக்கு எண்பத்து நான்கு. கேட்டால் கொடுத்துவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன். கேட்டதில்லை.

பக்கத்துப் பண்ணை போர்யே டிராக்டரோடு வந்து பாதையைத் திறந்துவிட்டார். ஜன்னலில் தட்டி, "என்ன அண்ணே, இன்னும் குகைக்குள்ளதானா? கரடிகூட நடுவுல ஒரு தடவ எந்திரிச்சுப் புரண்டு படுக்கும்!" என்று கத்தினார். சிரித்தேன். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் சிரித்த முகத்தோடேயே நின்றிருக்கிறேன். கண்ணாடியில் தெரிந்தது.

நாங்கள் பிறந்து வளர்ந்த இந்த வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு என்றுதான் திரும்பி வந்தேன். அக்கா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். நான் அப்போதுதான் நகரத்து ஆவணக் காப்பகத்திலிருந்து, பழைய வரைபடங்களுக்கு நடுவிலிருந்து, ஓய்வு பெற்றிருந்தேன். இடுப்பு அடுத்த கோடைக்குள் சேர்ந்துவிட்டது. அது பதினான்கு வருஷத்துக்கு முந்தைய கோடை.

டிசம்பர் 30

இதை எழுதலாமா என்று யோசித்தேன். அக்கா என் நாட்குறிப்பைத் தொட மாட்டாள். அந்த விஷயத்தில் நேர்மையானவள். எழுதுகிறேன்.

ஏரிக்கு அக்கரையில் இருக்கும் எங்கள் பழைய பள்ளிக்கூடத்தை வயதானவர்களுக்கான குடியிருப்பாக மாற்றியிருக்கிறார்கள். போன வசந்தத்தில், பல் மருத்துவரிடம் போன நாளில், அங்கே என் பெயரைப் பதிந்துவிட்டு வந்தேன். எந்த தைரியத்தில் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பல்லுக்குப் போட்ட ஊசியாக இருக்கலாம்.

விறகுக் கொட்டகை வரை போக எனக்கு அனுமதி உண்டு. இன்று அங்கே இருந்தபோது கைபேசி அடித்தது. ஒரு பெண். "சார், உங்க முறை வந்துடுச்சு. மாடியில, ஏரியப் பார்த்த வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை. ஜனவரி பதினாறுக்குள்ள சொல்லிடுங்க, இல்லன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்."

மாடியில் ஏரியைப் பார்த்த அறை என்றால் எங்கள் வகுப்பறைதான்.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? போக வேண்டும். வாழ்க்கையில் எதுவும் எனக்கு இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. ஆனால் அக்காவிடம் சொல்ல வேண்டுமே.

ஜனவரி 1

"புது வருஷத்துக்கு உனக்கு என்னடா வேணும்?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம்க்கா" என்றேன்.

ஜனவரி 4

டவுன் பள்ளியிலிருந்து இல்வா என்ற இளம் ஆசிரியை வந்திருந்தாள். அந்தக் காலத்தில் பிள்ளைகள் பனியில் பள்ளிக்கு நடந்த கதைகளை ஒலிப்பதிவு செய்கிறாளாம். அக்கா குங்குமப்பூ பன்களைச் சூடாக்கினாள், தலை வாரிக்கொண்டாள், பேச ஆரம்பித்தாள்.

"பனி இடுப்பு வரைக்கும்! இப்பப் பெய்யிறதெல்லாம் பனியா? மாவு சலிச்சாப்ல இருக்கு. நாங்க ஏரி மேலயே நடந்து போவோம். நான் முன்னாடி. இவன் என் கோட்டு வாலப் புடிச்சிக்கிட்டுப் பின்னாடி. மூக்கு ஒழுகி மீசையாட்டம் ஒறைஞ்சு நிக்கும். அதுக்கப்புறம் இவனுக்கு ஒழுங்கா மீசையே வரல, பாரு."

இல்வா சிரித்தாள். நானும்.

"லீவு விட்டா இன்னும் கொண்டாட்டம். சறுக்கல் என்ன, பன்னு என்ன, மரத்தச் சுத்தி ஆட்டம் என்ன! அந்த சந்தோஷம் இனி யாருக்கு வரும், சொல்லு."

இல்வா கருவியை என் பக்கம் திருப்பினாள். "நீங்க சொல்லுங்க சார். உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?"

"குளிர்தான்" என்றேன்.

"இவன் இப்படித்தாம்மா" என்றாள் அக்கா. "வரைபடத்தோடயே இருந்து இவனும் ஒரு வரைபடமாயிட்டான். சுருட்டி மூலைல வெச்சிடலாம், எடம் அடைக்காது."

ஜனவரி 5

நேற்று சொல்லியிருக்க வேண்டியது:

விடுமுறை எனக்குக் கொண்டாட்டமாக இருந்ததில்லை. குளிர்காலம் முழுவதும் அப்பா காட்டில், மரம் வெட்டும் முகாமில் இருப்பார். கிறிஸ்துமஸுக்கு வருவார். அடித்ததில்லை, அதிகம் பேசியதும் இல்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு அவர் உட்கார்ந்துவிட்டால் வீட்டில் எல்லோரும் காலுறையோடுதான் நடப்போம். அம்மா கம்பளத்தின் மேல் இன்னொரு கம்பளத்தை விரிப்பாள். யாராவது நாற்காலியை இழுத்துச் சத்தம் வந்தால் தலையைத் திருப்பிப் பார்ப்பார். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கே நான் கிறிஸ்துமஸ் மரத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த மூலைக்குள் போய்விடுவேன். ஊசியிலைகள் கழுத்தில் குத்தும். வெளியே கதவு உயரத்துக்குப் பனி. உள்ளே அப்பா. அங்கே உட்கார்ந்துகொண்டு க்னூட் திருநாள் எப்போது வரும் என்று காத்திருப்பேன். மற்ற பிள்ளைகள் அழும் நாள் அது. ஜனவரி பதின்மூன்று, பண்டிகை முடிந்தது, மரம் வெளியே போக வேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கம் மரங்களை வெறுமனே எறிய மாட்டார்கள். எல்லா வீட்டு மரமும் ஏரிக்குப் போகும். ஆண்கள் கடப்பாரையால் பனிக்கட்டியில் குழி போட்டு, மரத்தை இறக்கி, தண்ணீர் ஊற்றுவார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் ஏரியிலேயே முளைத்தவை போல நிற்கும், எங்கள் கரையிலிருந்து பள்ளிக்கூடத்துக் கரை வரை வரிசையாக. பனிப்புயலில் கண் தெரியாவிட்டாலும் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போய்விடலாம். ஒன்றில் வெள்ளிச் சரிகை ஒட்டியிருக்கும், ஒன்றில் காகிதக் கொடி. யார் வீட்டு மரம் எது என்று எங்களுக்குத் தெரியும். எங்களுடையதை அப்பாவே தோளில் தூக்கிப் போவார். அன்று மட்டும் சீட்டியடிப்பார். மறுநாள் அவர் காட்டுக்கு, நான் பள்ளிக்கு.

அவருக்கும் அந்த வீடு அடைத்து வைத்ததுபோல இருந்ததோ — இதை இதற்கு முன் நான் யோசித்ததே இல்லை.

அக்கா பொய் சொன்னாள் என்று சொல்ல வரவில்லை. அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது அம்மாவுக்கு நெஞ்சில் நோய். வசந்தம் வரைக்கும் என்று சொல்லித்தான் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு அவள் போகவே இல்லை. நான் தனியாக நடந்தேன். அவள் சிவப்புக் குல்லாயோடு கரையில் நின்று, "காத மூடுடா!" என்று கத்துவாள். நான் கடைசி மரத்தைத் தாண்டும் வரை நிற்பாள்.

ஜனவரி 9

விறகோடு உள்ளே வந்தபோது அக்கா வீட்டுப் போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா?"

"எவளோ. தப்பான நம்பர்."

பெயர் பதிந்த அன்று வீட்டு எண்ணையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். ஒரு எண் போதுமா என்று சந்தேகம். எல்லாவற்றையும் முறையாகச் செய்கிறவன் என்று பெயர் எனக்கு!

ஜனவரி 11

பட்டாணி சூப்பில் உப்பில்லை. அவள் கவனிக்கவில்லை. நான் சொல்லவில்லை. இருவரும் கிண்ணத்தை முழுவதும் காலி செய்தோம்.

ஜனவரி 13

க்னூட். மரம் இன்னும் கூடத்தில் நிற்கிறது.

ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் காலைக் காபிக்கு முன்பே அலங்காரங்களைக் கழற்றிப் பருத்தியில் சுற்றிப் பெட்டியில் போட்டுவிடுவாள். போன வருஷம் காய்ச்சலோடு செய்தாள். இன்று பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டு மரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, மரம்..."

"இருக்கட்டும்."

"இன்னிக்குப் பதிமூணு."

"தெரியும். இந்த வருஷம் இருக்கட்டும். எங்க போகப்போவுது அது?"

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஜனவரி 14

சொல்லிவிட்டேன். காபி ஊற்றும்போது. மேஜைவிரிப்பில் கொஞ்சம் கொட்டிவிட்டது. "அக்கா, அக்கரையில எனக்கு ஒரு வீடு கெடச்சிருக்கு" என்றேன். அவள் விரிப்பைத் துடைத்தாள். கறை போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் எத்தன தடவடா போவ நீ?" என்றாள்.

"நீயும் வாயேன்" என்றேன்.

"நான் எதுக்கு? என் படிப்பு அப்பவே முடிஞ்சிடுச்சு." பிறகு, "இங்க உனக்கு என்னடா கொறை? சொல்லு. சாப்பாடு இல்லையா? சூடு இல்லையா?" என்றாள்.

எல்லாம் இருக்கு. எல்லாம் இருக்குக்கா. அதான். அத எப்படிச் சொல்றது?

மாலையில் அவள் கோழிகளைப் பார்க்கப் போனாள். மரம் இலைகளைக் கொட்ட ஆரம்பித்திருந்தது, தரையெல்லாம் ஊசி. எனக்குப் பொறுக்கவில்லை. சின்னத் துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்து மரத்துக்குப் பின்னால் போய்ப் பெருக்கினேன். அப்போது வாசலில் அவள் காலடி. ஏன் என்று தெரியவில்லை, அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டேன். முறத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சு விடாமல்.

விளக்கைப் போட்டாள். என்னைப் பார்த்தாள். கிளைகளுக்கு நடுவில் என் முகம் நன்றாகவே தெரிந்திருக்கும். விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் போனாள், காலை மெல்ல ஊன்றி, சத்தம் வராமல்.

நாளைக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். இந்த வயதில் எதற்கு இது? நான் போனால் கதவை யார்... போர்யே இருக்கிறார். அது எனக்கும் தெரியும். ஆனாலும்.

ஜனவரி 15

வேண்டாம் என்று சொல்லவில்லை. காரணம் எழுத வேண்டும்.

மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்து பார்த்தால் கூடத்தில் மரம் இல்லை. ஊசியிலைகள் கோடாக வாசல் வரை போயிருந்தன. வாசலில் என் பூட்ஸ். எண்ணெய் போட்டுத் துடைத்து, நாடாக்களைத் தளர்த்தி, கால் நுழைக்கத் தயாராக.

ஜன்னல் வழியே பார்த்தேன். அக்கா ஏரிமேல் நின்றிருந்தாள். காலால் உந்தித் தள்ளுவாளே, அந்தச் சறுக்குவண்டியில் மரத்தைக் கட்டிக் கொண்டுபோயிருக்கிறாள். போர்யே மீன்பிடிக்கத் துளை போடும் கருவியால் பனிக்கட்டியைக் குடைந்துகொண்டிருந்தார்.

பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனேன். விழவில்லை.

"நேராப் புடி" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல். பிடித்தேன். அவள் வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றினாள்.

"டாக்னிம்மா, ஒரே ஒரு மரம் ஏரில நின்னா எவன் வழின்னு நம்புவான்? தொலைஞ்சுபோன மரம்னு நெனைப்பான்" என்றார் போர்யே அக்காவிடம்.

"உன் மரம் எங்க?"

"தோட்டத்துல கெடக்கு."

"போய்க் கொண்டா. வழியில எல்லார் வீட்டுலயும் கேளு. நான் கேட்டேன்னு சொல்லு, குடுப்பாங்க."

"குடுக்காம? உங்களுக்கு பயந்து கூரையையே பிச்சுக் குடுப்பாங்க!"

அவர் போன பிறகு அக்கா கையுறையைக் கழற்றி மரத்தின் அடியில் தொட்டுப் பார்த்தாள், உறைகிறதா என்று.

"ரோடு சுத்திக்கிட்டுப் போவுது. பஸ்ல ஏற நீ பயப்படுவ. அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்ட" என்றாள். "இதுன்னா வருவ."

"அக்கா, நான் வேணாம்னு சொல்லிடலாம்னு..."

"சொல்லாத." குனிந்தபடியே இருந்தாள். "அந்த மூலைல உன்ன மறுபடி பாக்கக்கூடாதுடா சிக்ஸ்டன். அப்பா காலத்துல பாத்தது போதும். என்னப் பாத்துமா நீ அங்க போய் ஒளியணும்?"

வீட்டுக்கு வந்து, வருகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லக் கைபேசியை எடுத்தேன். அவள் பக்கத்து அறையில் வேண்டுமென்றே பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள், நான் பேசுவது காதில் விழாதபடி.

பிப்ரவரி 2

வந்து சேர்ந்து இரண்டாவது நாள். சுவரெல்லாம் வெள்ளை. யாரும் எதையும் எடுத்து ஒளித்து வைப்பதில்லை. மண்வெட்டி கீழே பொதுவில் இருக்கிறது. காலையில் காபியை இருவருக்குப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 3

இன்றும்.

பிப்ரவரி 11

பனிப்புயல். அக்கரை தெரியவில்லை. ஆறேழு மரங்கள் தெரிகின்றன, அதற்குப் பிறகு வெள்ளை. போன் செய்தேன். "என்னடா, அங்க சூடு பத்தலையா?" என்றாள். பத்துகிறது என்றேன். அப்படியே கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 9

பள்ளிகளுக்கெல்லாம் குளிர்கால விடுமுறை வாரம். நானும் லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன் அவளிடம், "லீவுக்கு வரேன்க்கா" என்று. அவள் சிரித்ததைப் போனில் கேட்டேன். வாரம் முழுக்க அவள் பேசினாள், நான் கேட்டேன். ஒரு நாள் கூடத்தில் நாற்காலியை இழுத்துச் சத்தமாகவே போட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்று காலை திரும்பினேன். நல்ல வெயில். மரங்கள் பழுப்பாகிவிட்டன, ஆனால் உறுதியாக நிற்கின்றன. போர்யேயின் மரத்தில் ஒரு பிளாஸ்டிக் மணி ஆடுகிறது. எங்கள் மரம் முதலில். அதில் அவள் எடுக்க மறந்த வைக்கோல் ஆட்டுப் பொம்மை ஒன்று.

"காத மூடுடா!" என்று கரையிலிருந்து கத்தினாள். மூடிக்கொண்டேன்.

ஏரி நடுவில் வரும்போது பின்னால் கரகரவென்று சத்தம். சறுக்குவண்டி.

"மரமெல்லாம் நேரா இருக்கான்னு பாக்க வந்தேன்" என்றாள் மூச்சு வாங்க. "உனக்குத் தொணைக்கு வரல."

"சரிக்கா."

கடைசி மரம் வரை பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லாம் நேராகத்தான் இருந்தன. பிறகு சறுக்குவண்டியைப் படிக்குக் கீழே நிறுத்திவிட்டு மாடி ஏறினாள். நான் இங்கே வந்ததிலிருந்து எத்தனையோ முறை கூப்பிட்டும் வராதவள்.

அறையைச் சுற்றிப் பார்த்தாள். சமையல் மேடையைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். பிறகு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம், சரியாக ஓர் இடத்தில் வைத்தாள். கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள். உட்கார்ந்தாள்.

"இங்கதான் என் பெஞ்சு."

"ஆமா."

"இங்கேருந்து பாத்தா நம்ம வீடு இவ்ளோ சின்னதாவா இருக்கு?" கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கரையில ஆள் நின்னாத் தெரியுமாடா?"

"தெரியும். சிவப்புக் குல்லா நல்லாவே தெரியும்" என்றேன். "பள்ளிக்கூட நாள்ல, அது வீட்டுக்குள்ள போற வரைக்கும் பாப்பேன்."

அவள் திரும்பவில்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. நான் காபிப் பாத்திரத்தைத் தேடுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்பக் கணக்குப் பாடத்த நீ கவனிக்கவே இல்ல" என்றாள்.

இருவருக்கும் காபி போட்டேன். அவள் இன்னும் ஜன்னலோரத்தில்தான் இருக்கிறாள். நான் மேஜையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டாவது கோப்பை கேட்டாள். அவள் பூட்ஸ் என்னுடையதற்குப் பக்கத்தில், கணப்போரம், காய்ந்துகொண்டிருக்கிறது.