ஜஹானாவுக்கு டெங்கு இல்லை

திகன,
18.08.2025

அன்புத் தங்கச்சி நிஷாந்தினிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீயும் அங்கே நல்லபடியாக இருக்கவேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. போனில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். அம்மாவும் பக்கத்திலேயே இருக்கிறார். அதனால் பெரியம்மா மகன் துஷாந்த் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்பும்போது அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். அறையில் யாரும் இல்லாத நேரத்தில் படி. படித்ததும் கிழித்துப் போடு.

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பன்விலப் பக்கம் மழை விடவில்லை; சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்து கோழிக்கூடு போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தார்கள். டிசம்பருக்குக் கண்டியில் மண்டபம் பார்த்துவிட்டார்களாம். ஜெயராஜின் அம்மா இந்த முறையும் உன் ரவிக்கை அளவு கேட்டார். அதற்குள் கொஞ்சம் இளைத்துவிடுவாள்தானே என்றார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கொழுப்பெடுக்கிற ஒப்பரேஷனுக்குத் துருக்கியில் கொழும்பை விடப் பாதிச் செலவுதான், ஹோட்டலும் காரும் அதற்குள்ளேயே அடக்கம், நான்கு நாளில் திரும்பிவிடலாம், ஜஹானா போய் வந்தாளே என்று சொல்லிக்கொண்டிருந்தாய். ஜஹானா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகும் நீ திகதியை மாற்றவில்லை. அவளுக்கு வந்தது டெங்கு, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாய்.

ஜஹானாவுக்கு டெங்கு இல்லை, நிஷா.

ஜூலை இருபத்தோராம் திகதி காலையில் அவளை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். தெல்தெனிய பஸ்ஸில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உன் தோளில் சாய்ந்து தூங்குவாளே, அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. காய்ச்சல், மூச்சு வாங்கல். ஒப்பரேஷன் ஏதும் செய்தீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு இல்லை என்றாள். பக்கத்தில் அமான் நின்றார். கடைக்குத் துணி எடுக்கத்தான் மனைவி துருக்கிக்குப் போய் வந்தாள் என்று அவரும் நம்பியிருந்தார். நெஞ்சுச் சளி என்று நினைத்து மருந்து ஏற்றினார்கள். அரை நாள் அப்படியே போய்விட்டது.

மத்தியானம் உடுப்பு மாற்றப் போனேன். என் கையைப் பிடித்துத் தடுத்தாள். அப்போதுதான் அது ஜஹானா என்று அடையாளம் கண்டேன். அபாயாவுக்குள்ளே நெஞ்சிலிருந்து முழங்கால் வரை, ஒப்பரேஷனுக்குப் பின் போடுகிற இறுக்கமான ஓர் உறை போட்டிருந்தாள். வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வயிறும் தொடையும் கருநீலமாகக் கன்றிக் கிடந்தன. சின்னச் சின்னத் துளைகளிலிருந்து நீர் கசிந்தது. இடது காலின் கெண்டைச் சதை வீங்கிக் கல்லாக இருந்தது. பத்தொன்பது வருஷமாகத் தாதியாக வேலை செய்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கத்தரிக்கோலைக் கட்டிலிலேயே போட்டுவிட்டேன்.

டாக்டரிடம் ஓடினேன். படம் எடுத்துப் பார்த்தார்கள். காலில் கட்டிய இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருந்தது. துளைகள் வழியே கிருமியும் ஏறியிருந்தது. ஒப்பரேஷன் முடிந்த நான்காம் நாளே விமானத்தில் மணிக்கணக்காகக் காலை மடக்கி உட்கார்ந்து வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தபின் கால் வலிக்கிறது என்று அந்தக் கிளினிக்குக்கு எழுதியிருக்கிறாள். அவளுடைய போனில் நானே பார்த்தேன். இது வழமையானது, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று பதில் வந்திருந்தது. எழுதியது டாக்டர் இல்லை. உனக்கும் தினமும் பூப்படம் போட்டு எழுதுகிறாளே, அதே பெண்.

எவ்வளவு கொழுப்பு எடுத்தார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எங்கள் டாக்டர் கேட்டார். அவளிடம் இருந்த துருக்கி மொழிக் கடதாசியை எங்களில் ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. கிளினிக்குக்குப் போன் எடுத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இரண்டாம் நாள் பின்னேரம் தண்ணீர் கொடுக்க ஒட்சிசன் முகமூடியைக் கழற்றினேன். அப்போதுதான் பேசினாள்.

"அக்கா, நிஷாக்கிட்ட சொல்லுங்க. நான் அனுப்பின போட்டோ எடுக்கக்குள்ள எனக்கு நிக்கவும் ஏலாம இருந்திச்சு. சுவரப் பிடிச்சிட்டுத்தான் நின்ட."

அந்தப் போட்டோவைத்தான் நீ எனக்கு அனுப்பி, பாரு அக்கா எவ்வளவு அழகா ஆகிட்டா என்று எழுதியிருந்தாய்.

மறுநாள் விடியும்போது அவள் போய்விட்டாள்.

அமான் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். அழவில்லை. "மிஸ், டெங்கு எண்டே இருக்கட்டும். என்ட புள்ளைகள் நாளைக்கு ஸ்கூலுக்குப் போவணும்" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன். ஜனாஸா வீட்டில் அவளுடைய உம்மா ரபீகா மாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பாளா என்று கேட்டார். இல்லை மாமி என்றேன். அது பொய். முதல் மணித்தியாலத்திலேயே உண்மையைச் சொல்லியிருந்தால்கூட ஒருவேளை பிழைத்திருப்பாள். வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

இதை எழுதுவதால் என் வேலையே போகலாம். அமானுக்குக் கொடுத்த வாக்கும் போய்விட்டது. ஆனால் ஜஹானா சொல்லச் சொன்னது உன்னிடம்.

உன்னை ஏமாற்ற மாட்டேன். எங்கள் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். தேர்ந்த ஆளிடம், வசதியுள்ள இடத்தில் செய்து, போதிய நாள் அங்கேயே தங்கி வந்தால் அநேகமானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையாம். ஆனால் இது உடம்பு முழுவதையும் இளைக்க வைக்கிற வைத்தியம் இல்லை என்றும் சொன்னார். உனக்குச் செய்யப்போகிற டாக்டரின் பெயர் என்ன? இத்தனை நாளாகக் கேட்கிறேன், நீ அந்தப் பெண்ணின் பெயரைத்தான் சொல்கிறாய். டோஹாவுக்குத் திரும்பி வந்து காய்ச்சல் அடித்தால் யார் பார்ப்பார்கள்? வேலையிடத்து இன்சூரன்ஸ் இதற்குக் கொடுக்குமா? நீ சொன்ன விலையில் இதெல்லாம் சேரவில்லை.

இன்னொன்று. ஜெயராஜின் அம்மாதான் இதற்கெல்லாம் காரணம் என்று நீ கோபப்படுகிறாய். முதலில் சொன்னவர் அவர் இல்லை. உனக்குப் பதின்மூன்று வயது. தோட்டத்து லயத்து வீட்டில் மாமா பிள்ளைகள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, நீ எடுத்த இரண்டாவது ரொட்டியை உன் கையிலிருந்து பிடுங்கினேன். "வச்சிரு, கதவுல மாட்டிக்குவ" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு எங்கள் முன்னால் நீ வயிறாரச் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. இருபது வருஷமாகப் பார்க்காதவள் மாதிரி இருந்தேன். ஜஹானாவின் உறையை வெட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சிரிப்புத்தான் என் காதில் கேட்டது.

உன் உழைப்பு, உன் உடம்பு. முடிவும் உன்னுடையது. போகாதே என்று அதட்டுகிற உரிமையை நான் எப்போதோ இழந்துவிட்டேன். கெஞ்சத்தான் முடியும். போகாதே, நிஷா.

கேட்காமல் போவதானால் தனியாகப் போகாதே. போன செவ்வாய்க்கிழமை கண்டியில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். லீவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். செப்டெம்பர் ஒன்பதாம் திகதி நீ கட்டிலில் படுத்தால் நான் பக்கத்தில் இருப்பேன். கால் வலிக்கிறது என்று நீ சொன்னால் கேட்க ஓர் ஆள் வேண்டும். எனக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது. உன் மூச்சு எப்படி ஓடவேண்டும் என்று தெரியும்.

போகாமல் விட்டாய் என்றால் அந்த நாட்களில் ஊருக்கு வா. அதே லீவில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்து நிற்கிறேன். வருகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டே நிற்பேன். நீ எந்த அளவில் வந்தாலும் சரி, உன் காலால் நடந்து வெளியே வா. அதைப் பார்த்தால் எனக்குப் போதும்.

மாரியாத்தா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன்னிடம் இதுவரை மன்னிப்புக் கேட்காத
அக்கா,
சுதர்சினி