பெயர் இல்லாத பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் நலம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மருந்துக்கடைக்காரன் பெண்டாட்டியாக இருந்தும் மாத்திரை மட்டும் விழுங்கமாட்டேன் என்கிறாள், உனக்குத் தெரிந்ததுதான். போனில் சொன்னால் நீ குறுக்கே புகுந்து சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம். நம் தையல்காரர் போய்விட்டார் பாப்பா. கடைக்கு எதிர்வரிசையில் இருந்தாரே, உன் பள்ளிச் சீருடையெல்லாம் தைத்தவர். அதில் எனக்குப் பங்கு இருக்கிறது. நீயும் இதே மருந்தாளுநர் படிப்பைப் படித்தவள், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

பதினோரு வருடமாக அவர் வலிப்பு மாத்திரை என்னிடம்தான் வாங்கினார். மூன்று மாதமாக அது வரத்து இல்லை. மொத்த வியாபாரி கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார், கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுத்தான் கேட்கிறது. மாற்று மருந்து எழுதித் தரச் சொல்லி டாக்டரைக் கேட்டேன், கடைக்காரர் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம் என்று போனை வைத்துவிட்டார். மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளை நான்கு பேருக்குப் பங்கு போட்டு வெட்டினேன். எப்படி வெட்டுவோம் என்று உனக்குத் தெரியும். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சான முனை கடையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்சத்தை விற்க முடியாது. வாங்குகிறவர் கைக்குப் போவது பெயர் இல்லாத பக்கம். முப்பது வருடமாக இப்படித்தான் வெட்டுகிறேன், ஒருநாளும் உறுத்தவில்லை. கவரில் மருந்தின் பெயரையாவது எழுதியிருக்கலாம். அன்று கூட்டம், எழுதவில்லை.

தையல்காரர் தன் அக்காவைப் பார்க்க வெளியூர் போன இடத்தில் மாத்திரை தீரப்போகிறது என்று அங்கே ஒரு மருந்துக்கடையில் அட்டைத் துண்டைக் காட்டிக் கேட்டிருக்கிறார். அவர் தன் கடையில் யார் துணி என்று பெயர் எழுதுவதில்லை, துணியிலேயே ஒரு ஓரத்தை வெட்டி நோட்டில் குத்தி வைப்பார், ஒருநாளும் ஆள் மாறியதில்லை. துண்டைக் காட்டினால் போதும் என்று நம்பிவிட்டார். அந்த வெளியூர்க் கடையில் லைசென்ஸ் சுவரில் தொங்குகிறதாம், லைசென்ஸுக்கு உரிய மருந்தாளுநர் மாதம் ஒருமுறை கையெழுத்துப் போட வருவாராம். அவருக்குப் பதிலாகக் கடையில் நின்றிருந்தவர் அட்டையின் நிறத்தையும் மாத்திரையின் அளவையும் பார்த்து சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டார். நம்மவருக்குச் சர்க்கரையே கிடையாது. ஊர் திரும்பிய நான்காம் நாள், சர்க்கரை இறங்கி வலிப்பும் சேர்ந்து வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

போன வாரம் அவர் மனைவி கடைக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. நான் கொடுத்த துண்டையும் அந்தக் கடைத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே சார் இருக்கு, இதுல பேரு எங்க இருக்குன்னு கேட்டார். வெளியூர்க்காரன் தலையில் பழியைப் போட்டு அனுப்பியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. நான்காவது பங்குக்கு உரியவர் இன்னும் வாங்க வராததால் பெயருள்ள முனை இழுப்பறையிலேயே இருந்தது. அதை எடுத்துக் காட்டி, பேரு என்கிட்டதாம்மா இருக்கு, நான்தான் வெட்டி வச்சுக்கிட்டேன்னு சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பாழாய்ப்போன வாய், எழுதிக் கொடுத்திருந்தாலும் அவருக்குப் படிக்கத் தெரியாதேம்மா என்று சேர்த்துக்கொண்டது. அந்த அம்மா, படிக்கத் தெரியாதுதான் சார், காட்டத் தெரியுமேன்னு சொல்லிவிட்டு இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போதெல்லாம் ஒற்றை மாத்திரையானாலும் கவரில் பெயர் எழுதாமல் கொடுப்பதில்லை. எழுதி முடிப்பதற்குள் பாதிப் பேர் பொறுமையில்லாமல் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள், போகட்டும். எல்லாரும் அப்படித்தானே வெட்டுகிறார்கள் என்று மட்டும் எனக்குப் பதில் எழுதாதே, அதை நானே எனக்கு நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, உன் கையால் மருந்து வாங்குகிறவர்களுக்கும் வரக்கூடாது. ஒன்று மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை போனில் இந்தப் பேச்சை எடுக்காதே. இதில் என் பங்கு அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தினமும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அந்த வெளியூர்க் கடைக்காரனை, அவன் கை விளங்குமா என்று திட்டுகிறாள். நான் குனிந்து சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா