ஈரத்துணிக்குள் ஒரு தலை

மார்ச் 3

அன்புள்ள தம்பி, முன்னாள் நிருபருக்கு,

என் மூட்டுகளைத் தவிர இங்கே எல்லாரும் நலம். இக்கடிதத்தில் சொல்லப்போவது:

1. உன் சிற்பக் கண்காட்சிக்கு வாழ்த்து.
2. உன் பேட்டியில் உள்ள பிழை.
3. என் சிற்பம் இன்னும் முடியாததன் காரணம்.
4. திறப்பு விழாவுக்கு வர இயலாமை.

முதலாவது: மனமார்ந்த வாழ்த்துகள். 'மனமார்ந்த' என்பதை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது: "ஒருநாள் தற்செயலாகக் களிமண்ணைத் தொட்டேன், பத்திரிகை வேலையை விட்டேன்" என்று நம் பத்திரிகையிலேயே சொல்லியிருக்கிறாய். தற்செயல் அல்ல. அந்த மாலைநேரச் சிற்ப வகுப்பில் முதலில் சேர்ந்தவன் நான். தனியாகப் போகக் கூச்சப்பட்டு உன்னைக் கூட்டிப்போனேன். முப்பது வருடம் உன் செய்திகளுக்குப் பிழை திருத்திய பழக்கத்தில் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

மூன்றாவது: உன் அண்ணியின் தலை இன்னும் முடியவில்லை. இடது காது சந்தேகமாக இருக்கிறது. மண் காயாதிருக்க நான்கு வருடமாகத் தினமும் ஈரத்துணி சுற்றுகிறேன். "என் தலைக்கு இவ்வளவு தண்ணி ஊத்தினா எனக்குத்தான் சளி பிடிக்கும்" என்கிறாள். முடியாத வேலையைப் பிறருக்குக் காட்டுவது முறையல்ல.

நான்காவது: முழங்கால்.

அன்புடன்,
ப்ரூஃப் ரீடர் அண்ணன்

மார்ச் 9

கமா அண்ணனுக்கு,

பழைய பட்டப்பேருக்குக் கோச்சுக்காதீங்க. ஒரு கமாவுக்காக அச்சு மெஷினையே நிறுத்தினவராச்சே!

அது பிழை இல்லண்ணே. தெரிஞ்சேதான் சொன்னேன். முதல்ல நீங்க கூட்டிட்டுப் போனதைத்தான் சொன்னேன். பேட்டி எடுத்த பொண்ணு, "உங்களைக் கூட்டிட்டுப் போனவர் செஞ்சதையும் பார்க்கலாமா சார்?"னு கேட்டுச்சு. விட்டா நேரா உங்க வீட்டுக்கு வந்து துணியை அவுத்துடும். என்னையே பார்க்க விடாம வாசலை மறிச்சு நின்னவர் நீங்க. அதான், "தற்செயல்னு போட்டுக்கோம்மா"ன்னேன்.

நான் பதினேழு தலையை உடைச்சேன். பதினெட்டாவதுதான் சூளை வரைக்கும் போச்சு. நீங்க ஒண்ணையும் உடைக்கல. பொறாமைன்னா பொறாமைன்னு எழுதுங்க, பாவம், முழங்கால் மேல பழியைப் போடாதீங்க.

அண்ணியையாவது அனுப்புங்க.

உங்கள்,
தம்பி

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை எழுத்துப்பிழை தேடினேன். மூன்றாம் முறை உன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். விழாவுக்கு வருகிறாளாம். "தம்பி செஞ்சது நல்லா இருந்தா, சுமார்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். உடனே சொல்லவில்லை.

பொறாமைதான். அதை ஐந்தாவதாகச் சேர்த்திருக்க வேண்டும்.

நேற்று அவள் கடைக்குப் போனதும் துணியை அவிழ்த்து, இடது காதை அளந்தேன். சரி. நெற்றி, மூக்கு, தாடை எல்லாமே சரி. நான்கு வருடத்துக்கு முன் நோட்டில் குறித்த அளவுகளேதான், ஒரு நூல்கூட மாறவில்லை. ஆனால் அது உன் அண்ணி இல்லை. யாரோ ஒரு பெண். இன்று துணியை நனைக்கவில்லை.

என் மூன்றாவது குறிப்பு தவறு. அந்தத் தலை முடியாமல் இல்லை. முதல் மாதமே முடிந்துவிட்டது. அதற்குமேல் செய்ய எனக்கு வரவில்லை.

அண்ணன்