அம்மா தின்ற அரக்கு

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். இப்போதுதான் அதை வாயாரச் சொல்ல முடிகிறது, அதனால் பதறாமல் மேலே படி. போன வாரம் உன் அம்மா என் பட்டறையில் புகுந்து அரக்கைத் தின்றுவிட்டாள். ஆமாம், மேசை நாற்காலிக்கு நான் பாலிஷ் போடும் அதே அரக்குதான். ஸ்பிரிட்டில் கரைக்கும் முன் அது தேன் நிறத்தில், பாகு உறைந்த மாதிரி சில்லு சில்லாக இருக்கும். அதைப் பழைய மிட்டாய் பாட்டிலில் போட்டு 'தொடாதே' என்று எழுதி வைத்திருந்தேன். சர்க்கரை வியாதி வந்து இனிப்பை விட்டவளுக்கு அது போதாதா, நான் ஒளித்து வைத்துத் தனியாகத் தின்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டாள். நான் உள்ளே வந்து பார்த்தால் பல்லெல்லாம் சில்லு ஒட்டிக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்பதைத் தவிர வழியெல்லாம் வேறு நினைப்பே இல்லை. டாக்டரம்மா முதலில் ஸ்பிரிட்டைக் குடிச்சாங்களா என்றுதான் கேட்டார். இல்லை என்றதும் சாயங்காலம் வரை படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, பயப்படாதீங்க, சுத்தம் பண்ணின அரக்கை மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேலயே பூசுவாங்க, ஆப்பிள் மினுக்கவும் போடுவாங்க, ஆனா இது மரத்துக்கு வாங்கினது, இனிமே தொடாதீங்க என்று சொல்லி அனுப்பினார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

இப்போது உன் அம்மா அரக்கில் பெரிய மேதை. மாத்திரையை விளக்கில் காட்டிப் பார்த்துத்தான் விழுங்குகிறாள். ஆப்பிளைத் தடவி, உங்க பாலிஷைவிட இது நல்லா மின்னுது என்கிறாள். எதிர்வீட்டு மோட்டார் மெக்கானிக் வேறு, அந்தக் காலத்தில் கரண்ட் கசியாமல் இருக்க மின்கம்பிச் சுருளுக்கும் இதைப் பூசுவார்கள் என்று சொல்லிவைக்க, அப்போ இனிமே என்னை கரண்ட்டும் ஒண்ணும் பண்ணாது என்று ஒரே பெருமை. ஆனால் வீட்டுக்கு வந்த அன்று மெதுவாக, நெஜமாவே நீங்க ஒளிச்சு வச்சுத் தின்னலையா என்று கேட்டாள். அவள் இனிப்பை விட்ட அன்றே நானும் விட்டுவிட்டேன், அதைப் போய் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன் என்றேன். அழுதுவிட்டாள். அப்புறம், இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் எதுக்கு அரக்கைத் தின்னப்போறேன் என்று சண்டைக்கு வந்தாள். அந்தச் சண்டையைக் கேட்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா.

பார்சலில் இனிப்பு அனுப்பாதே. நேரத்துக்குத் தூங்கு, குறையொன்றும் இல்லாமல் நன்றாக இரு கண்ணு. உறையின் மேல் அரக்கு முத்திரை வைத்திருக்கிறேன், அந்த முத்திரையை உடனே குப்பையில் போட்டுவிடு. நீ உன் அம்மாவின் பெண்.

இப்படிக்கு,
அப்பா